வெல்டர் என்று ஒரு வரி

ஜனவரி 6, செவ்வாய்

இந்த டைரி, வெல்டிங் ராடு விற்கிற கம்பெனிக்காரன் கொடுத்தது. வருடா வருடம் மேனேஜர்களுக்கு மட்டும் கொடுப்பான். அட்டையில் தங்க எழுத்தில் என் பெயர்: எஸ். மகுடீஸ்வரன், உதவி மேலாளர். மற்ற வருடங்களில் இது மகள் ஆதினி கிறுக்குவதற்குப் போகும். இந்த வருடம் நானே கிறுக்கப்போகிறேன். யாரிடமும் கத்த முடியாததை எங்கேயாவது கத்தித்தானே ஆக வேண்டும்.

இன்று அரை நாள் லீவு போட்டுக் காந்திபுரத்தில் இருக்கும் கன்சல்டன்சிக்குப் போனேன். கனடாவில் குடியேற நான் போட்ட ஃபைலைப் பார்க்கிற ஷெரின் மேடம் என் பாயின்ட்டை இரண்டு முறை கூட்டிப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார்.

"பாயின்ட் அதிகமா இருக்கறவங்களக் கூப்பிடறாங்களே, அந்தப் பொது டிராவுல உங்க பாயின்ட் பத்தாது சார். ஆனா அங்க ஆள் கெடைக்காத வேலைங்கன்னு ஒரு லிஸ்ட் வெச்சிருக்காங்க. அந்த வேல பாத்தவங்களுக்குத் தனி டிரா. அதுல பாயின்ட் கம்மியா இருந்தாலும் கூப்பிடுவாங்க. பிரெஞ்சு நல்லாத் தெரிஞ்சவங்களுக்கும் அதே மாதிரி ஒண்ணு தனியா இருக்கு."

"அசிஸ்டென்ட் மேனேஜர் அந்த லிஸ்ட்ல இருக்குங்களா?"

"இல்லீங்க சார்." ஸ்கிரீனை என் பக்கம் திருப்பினார். தச்சர், பிளம்பர், எலெக்ட்ரீஷியன், வெல்டர்.

குடிக்கத் தண்ணீர் கேட்டேன்.

"ஏன் சார், வெல்டிங் சம்பந்தமா எதாச்சும் பண்ணியிருக்கீங்களா?"

"கொஞ்சம்" என்றேன். பதினோரு வருடம். கொஞ்சமாம்.

பதவிப் பெயர் என்னவாக இருந்தாலும் பரவாயில்லையாம். உண்மையில் என்ன வேலை செய்தேன் என்று முதலாளி லெட்டர்பேடில் எழுதிக் கையெழுத்துப் போட்டால் போதுமாம். ஏப்ரல் ஒன்பதாம் தேதி எனக்கு முப்பத்தைந்து முடிகிறது. அன்றைக்கு ஐந்து பாயின்ட் போய்விடும். இங்கிலீஷ் பரீட்சை ரிசல்ட் மே மாதத்தோடு காலாவதி. அதற்குள் ஒரு கடிதம் வேண்டும். ஒரே ஒரு கடிதம்.

ஜனவரி 8, வியாழன்

மேனேஜர் ஆன கதையை ஒருமுறை எழுதிவிடுகிறேன்.

மெக்கானிக்கல் டிப்ளமோ முடித்துவிட்டு லிங்குசாமி அண்ணனின் பட்டறையில் சேர்ந்தேன். சாயப்பட்டறைகளுக்கு பாய்லர் குழாயும் ஆவிக் கலன்களும் செய்கிறோம். பரீட்சை தேறிய வெல்டருக்கு ஒரு நம்பர் உண்டு. போடுகிற ஒவ்வொரு ஒட்டுக்கும் பக்கத்தில் அந்த நம்பரைக் குத்திவிட வேண்டும். ஒட்டு பிளந்தால் யார் கை என்று தெரிந்துவிடும். என் நம்பர் 11. இதுவரை ஒட்டைச் சோதிக்கிற எக்ஸ்ரேயில் ஒன்றுகூடத் திரும்பி வந்ததில்லை. இதை நான் பெருமைக்குச் சொல்லவில்லை, ரெக்கார்டில் இருக்கிறது.

ஆனால் பெண் பார்க்கப் போன வீடுகளில் எக்ஸ்ரே எடுப்பதில்லை. பையன் என்ன பண்றான், வெல்டிங் பண்றான், சரிங்க சொல்லி அனுப்பறோம். ஏழு வீட்டில் இதே பேச்சு. எட்டாவது என் மனைவி வாணி வீடு. அம்மா போய் லிங்குசாமி அண்ணனிடம் அழுதாள். அவர் உடனே விசிட்டிங் கார்டு அடித்துக் கொடுத்துவிட்டார். பெண் வீட்டுக்காரர்கள் வேலை பார்க்கிற இடத்துக்கு வந்து விசாரிப்பார்களே, அந்த நாளைக்கு என்று கண்ணாடி ரூமைக் காலி செய்து என்னைச் சுழல் நாற்காலியில் உட்கார வைத்தார்கள். பொறி பட்ட தழும்பு தெரியாமல் முழுக்கைச் சட்டை. முன்னால் ஓடாத கம்ப்யூட்டர். வாணியின் சித்தப்பா குப்புராஜ் வந்தார், மில்லில் மெயின்டனன்ஸ் பார்த்து ரிட்டயர் ஆனவர். மூன்று கேள்வி கேட்டார், டீ குடித்தார், பட்டறையை ஒரு சுற்று சுற்றிவிட்டுப் போனார். மறுவாரம் நிச்சயம்.

நாளைக்கு யாராவது மறுபடி விசாரித்தால் என்று ரிஜிஸ்டரிலும் அப்படியே ஏற்றிவிட்டார்கள். அன்றிலிருந்து காலையில் இஸ்திரி போட்ட சட்டையோடு கிளம்புவேன். பட்டறையில் காக்கி. சாயங்காலம் சோப்பு போட்டுத் தேய்த்துக் குளித்துவிட்டு மறுபடி இஸ்திரிச் சட்டை. ஆறு வருடம் ஓடிவிட்டது.

எழுதிப் பார்க்கும்போது பெரிய துரோகம் மாதிரித் தெரிகிறது. அப்படியெல்லாம் ஒன்றும் இல்லை. இதனால் யாருக்கும் ஒரு கெடுதலும் இல்லை. வெறும் சட்டை மாற்றுகிற சமாச்சாரம்.

ஜனவரி 12, திங்கள்

லிங்குசாமி அண்ணனிடம் கடிதம் கேட்டேன். மனிதர் முகமே மாறிவிட்டது.

"ஏம்ப்பா மகுடு, உன் மாமனார் வீட்டாளுககிட்ட மேனேஜர்னு என் வாயால சொன்னவன் நான். இப்ப அதே கையால வெல்டர்னு எழுதித் தரட்டுமா? மாசத்துக்கு ரெண்டு கல்யாணத்துல உன் மாமனாரப் பாக்கறேன். எதுங்க பொய்யின்னு அவரு கேட்டா நான் மூஞ்சிய எங்க கொண்டுபோயி வெச்சுக்கறது?"

"அவருக்கு எப்படிங்ணா தெரியும்? கடுதாசி கனடாவுக்குத்தான போவுது."

"போறது எங்கயோ போவட்டும். அவிய விசாரிக்கப் போன் பண்ணுவாங்க, என் ஆடிட்டர் பாப்பாரு. ஊருக்கே தெரிஞ்ச பொறகு உன்ற பொண்டாட்டிக்குத் தெரியோணுமா? மொதல்ல வீட்டுல சொல்லு. சொல்லிப்போட்டு வா. அன்னிக்கே எழுதித் தாரேன்."

நியாயம் பேசுகிறார். பொய்யை ஆரம்பித்துவைத்தவர் நியாயம் பேசுகிறார்.

ஜனவரி 15, வியாழன். பொங்கல்

பல்லடத்தில் மாமனார் வீடு. இன்று சொல்லிவிடலாம் என்றுதான் போனேன்.

வாசலிலேயே மாமனார் பக்கத்து வீட்டுக்காரரிடம், "எம் மாப்பிள்ளைங்க. மேனேஜரா இருக்கறாரு. கனடாவுக்குப் போவப்போறாரு" என்றார். அதற்குப் பிறகு எப்படிச் சொல்வது?

வீட்டுக்குப் புதுக் கேட்டு போட்டிருக்கிறார்கள். எவனோ கோழி எச்சம் போட்டது மாதிரி ஒட்டியிருக்கிறான். எனக்குக் கை அரித்தது. குப்புராஜ் சித்தப்பா பக்கத்தில் வந்து நின்றார்.

"மாப்ள, இந்தக் கேட்டு எப்படி?"

"நல்லாருக்குங்க மாமா."

"நல்லாருக்குதா" என்று கேட்டுவிட்டுச் சிரித்தார். அவர் எப்போதும் அப்படித்தான், எதற்குச் சிரிக்கிறார் என்றே தெரியாது.

ஜனவரி 16, வெள்ளி

சொல்லவில்லை. ஆதினிக்குச் சளி.

ஜனவரி 21, புதன்

வழி கிடைத்துவிட்டது. பிரெஞ்சு!

ஷெரின் மேடம் அன்றைக்கே சொன்னார், நான்தான் காதில் போட்டுக்கொள்ளவில்லை. பிரெஞ்சு தெரிந்தவர்களுக்குத் தனி டிரா. அதற்கு வெல்டராக இருக்க வேண்டியதில்லை, மேனேஜராகவே போகலாம். ஆர்.எஸ். புரத்தில் நான்கு மாதத்தில் கற்றுத் தருவதாக போர்டு வைத்திருக்கிறார்கள். ஷெரின் மேடத்துக்குப் போன் செய்தேன்.

"சார், அதுக்கு குறைஞ்சது ஒரு வருசம் ஒன்றரை வருசம் ஆகும். மொதலாளிகிட்ட ஒரு லெட்டர் வாங்கறது அவ்ளோ கஷ்டமா சார்?"

அந்த அம்மாவுக்கு என்ன தெரியும்.

பிப்ரவரி 2, திங்கள்

முதல் வகுப்பு. என்னைத் தவிர எல்லாரும் காலேஜ் பிள்ளைகள். ஒரு பெண் என்னை மாஸ்டர் என்று நினைத்து எழுந்து நின்றுவிட்டாள்.

பிப்ரவரி 9, திங்கள்

எழுத்துக் கூட்டிப் படித்தால் தப்பு. பாதி எழுத்தைச் சொல்லவே கூடாதாம். சொல்லாத எழுத்தை எதற்கடா எழுதுகிறீர்கள்? மேசைக்கு ஒரு பால், நாற்காலிக்கு ஒரு பால். மேசை பொம்பளை. நாற்காலியும் பொம்பளை. ஸ்டூல் ஆம்பளை. இதை எல்லாம் எவன் உட்கார்ந்து முடிவு பண்ணினான் என்று தெரியவில்லை.

பிப்ரவரி 18, புதன்

இன்று ஒவ்வொருவரும் எழுந்து தன் பெயரையும் வேலையையும் பிரெஞ்சில் சொல்ல வேண்டும். பிள்ளைகள் எல்லாம் மாணவன், மாணவி என்று முடித்துவிட்டார்கள். என் முறை. மேனேஜருக்குப் பிரெஞ்சில் என்ன என்று பார்த்துவைத்திருந்தேன். எழுந்து நின்றதும் வேறு சொல் வந்துவிட்டது. வெல்டர் என்பதற்கு உள்ள சொல். அதையும் பார்த்துதான் வைத்திருந்தேன் போலிருக்கிறது.

மிஸ் உச்சரிப்பை மட்டும் திருத்தினார்.

வீட்டில் அந்த வாக்கியத்தைச் சொல்லிப் பழகினேன். ஆதினியும் கூடவே சொன்னாள், என்னைவிட நன்றாக. வாணி சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்தாள்.

"அதென்னுங்க சொல்றீங்க?"

"நான் ஒரு மேனேஜர்னு சொல்றேன்."

"இன்னொருக்கா சொல்லுங்க."

சொன்னேன். அவள் போனை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள். தோசை ஒன்று கருகிவிட்டது.

பிப்ரவரி 26, வியாழன்

எங்கள் கல்யாண நாளுக்கு மச்சினன் எனக்கு எடுத்து வந்த பளபளப்பான சட்டையை வாணி கடையில் கொடுத்து மாற்றிவிட்டாள். "உங்களுக்கு இந்தத் துணி ஆவாதுங்க. காட்டன்தான்." எப்போதும் காட்டன், எப்போதும் கெட்டித் துணி. ஒரு மேனேஜருக்கு ஒரு நல்ல சட்டை போட்டுக்கொள்ளச் சுதந்திரம் இல்லை.

மார்ச் 4, புதன்

பட்டறையில் கூட வேலை பார்க்கிற ஸ்டீபன் பக்கத்தில் நின்று சொல்லாமல் வெல்டிங் ஆர்க் அடித்துவிட்டான். நான் முகக் கண்ணாடியை ஏற்றிவைத்திருந்தேன். சாயங்காலம் வீட்டுக்கு வருவதற்குள் கண்ணில் மணல் அள்ளிப் போட்ட மாதிரி எரிச்சல், தாரை தாரையாகத் தண்ணீர்.

"கம்ப்யூட்டர ரொம்ப நேரம் பாத்துட்டேன்" என்றேன்.

"ஆமாங்க. கம்ப்யூட்டர் வெளிச்சம் பொல்லாதது." கேட்பதற்கு முன்பே லைட்டை அணைத்துவிட்டு, வெள்ளரிக்காயை வட்டமாக அரிந்து இரண்டு கண்ணிலும் வைத்தாள். டாக்டர் எழுதிக் கொடுத்த சொட்டு மருந்து என்று ஒன்றையும் விட்டாள். எந்த டாக்டர், எப்போது என்று கேட்க நினைத்தேன். எரிச்சலில் மறந்துவிட்டது.

பிரெஞ்சு வகுப்பு போயிற்று.

மார்ச் 11, புதன்

மாதிரிப் பரீட்சை. காதால் கேட்டுப் புரிந்துகொள்ளும் பகுதியில் நாற்பதுக்கு ஐந்து. அந்த ஐந்தும் குருட்டாம்போக்கில் வந்தது. மிஸ் மரியாதையாகத்தான் சொன்னார்: "நீங்க நல்லா முயற்சி பண்றீங்க சார். ஒரு ரெண்டு வருசம் விடாம வந்தீங்கன்னா..."

நான்கு மாதம் என்ற போர்டை வருகிற வழியில் நின்று பார்த்தேன். பக்கத்தில் சின்ன எழுத்தில் என்னவோ இருந்தது. படிக்கவில்லை.

மார்ச் 19, வியாழன்

காலையில் பாய்லர் குழாய்க்குள் தலையை விட்டுக்கொண்டிருக்கும்போது ஷெரின் மேடம் போன்.

"சார், நேத்து டிரா நடந்துருச்சு. உங்க லிஸ்ட்தான். எலெக்ட்ரீஷியன், வெல்டர் எல்லாம்."

"எவ்வளவு பாயின்ட்டுங்க?"

சொன்னார். என்னுடையதைவிட எட்டு குறைவு.

"லெட்டர் இருந்திருந்தா உங்களுக்கு அழைப்பு வந்திருக்கும் சார். போன வருசம் இந்த டிரா ரொம்பக் கம்மியாத்தான் போட்டாங்க. அடுத்தது எப்பன்னு யாருக்கும் தெரியாது."

மற்ற ஒட்டுகளை ஸ்டீபனிடம் கொடுத்துவிட்டேன். மனது வேறெங்கோ இருக்கும்போது போட்ட ஒட்டில் 11 என்று குத்த முடியாது.

மார்ச் 20, வெள்ளி

லிங்குசாமி அண்ணன் ஒரு நாளில் எழுதியிருக்கலாம். மாமனார் ஊர் முழுக்க மேனேஜர் மேனேஜர் என்று தம்பட்டம் அடிக்காமல் இருந்திருக்கலாம். வெல்டருக்குப் பெண் கொடுத்தால் என்ன குறைந்துவிடும் என்று அந்த ஏழு வீட்டுக்காரர்களும் நினைத்திருக்கலாம். அம்மா அழாமல் இருந்திருக்கலாம். கனடாக்காரன் மேனேஜரையும் லிஸ்டில் சேர்த்திருக்கலாம்.

எல்லார் மேலும் எரிச்சலாக வருகிறது. ஆதினி மேல்கூட. அவளை எதற்கோ அதட்டினேன், அழுதுவிட்டாள்.

வாணியிடம் டிரா போன விஷயத்தைச் சொன்னேன். பிரெஞ்சு டிரா என்று சொன்னேன். அவள் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரு வார்த்தை ஆறுதல் சொல்லவில்லை. துவைத்த துணியை மடிக்கப் போய்விட்டாள். உடம்பு முழுக்கக் கோபமாக மடித்தாள்.

மார்ச் 28, சனி

ஃபைலுக்கு ஆதினியின் பிறப்புச் சான்றிதழ் வேண்டும். வாணி மாவு அரைக்கப் போயிருந்தாள். பீரோவில் அவளுடைய பையைத் துழாவினேன்.

எல்.கே.ஜி. அட்மிஷன் பாரத்தின் நகல் கிடைத்தது. இரண்டு வருடத்துக்கு முந்தையது. அன்றைக்குப் பட்டறையில் அவசர வேலை, அவள்தான் தனியாகப் போய் எழுதிக் கொடுத்தாள். அவள் கையெழுத்து அச்சு மாதிரி இருக்கும்.

தாயின் பெயர்: கோகிலவாணி. தாயின் தொழில்: இல்லத்தரசி.

தந்தையின் பெயர்: மகுடீஸ்வரன். தந்தையின் தொழில்: வெல்டர்.

பாரத்தை இருந்த இடத்திலேயே வைத்துவிட்டேன். பிறப்புச் சான்றிதழை எடுக்க மறந்துவிட்டேன்.

மார்ச் 29, ஞாயிறு

காலையில் வாணி துணி காயப்போடும்போது மொட்டை மாடிக்குப் போனேன். எப்படி ஆரம்பிப்பது என்று தெரியாமல் கிளிப்புகளை எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தேன்.

"பாரத்தப் பாத்துட்டீங்களாட்ட இருக்குது. பை மாத்தி மடிச்சிருக்குது" என்றாள்.

"எப்பத் தெரியும்?"

"நிச்சயத்துக்கு முன்னாடியே."

கிளிப்பு கீழே விழுந்தது.

"சித்தப்பா விசாரிச்சுப்போட்டு வந்து எங்க வீட்டுல உக்காந்து சொன்னாரு. பையன் மேனேஜர் இல்ல, வெல்டரு. கம்ப்யூட்டருக்கு கரெண்டு வயரே இல்ல, பையன் அதத் தட்டிட்டு இருக்கறான்னாரு. அப்பா வேண்டாமுன்னாரு. சித்தப்பாதான், பட்டறையில ஒரு குழாயப் பாத்தேன், அப்படி ஒரு ஒட்டு என் சர்வீசுல பாத்ததில்ல, பக்கத்துல 11ன்னு குத்தியிருந்துச்சு, அது யாருன்னு வாட்ச்மேனக் கேட்டேன், இந்தப் பையனத்தான் சொன்னான், இவனுக்குக் குடுக்கலாமுன்னாரு."

"அப்பறம் ஏன் ஒரு வார்த்தகூடக் கேக்கல?"

"நீங்களாச் சொல்லோணும்னு இருந்தேன். மொத வருசம் பாத்தேன். புள்ள பொறந்தா சொல்லுவீங்கன்னு பாத்தேன். கண்ணு எரிஞ்சுட்டு வரப்பல்லாம் பாத்தேன்." ஒரு துண்டை எடுத்து உதறினாள். "பிரெஞ்சுல சொல்ல வருது உங்களுக்கு. போன்ல போட்டுப் பாத்தனே. எங்கிட்டத் தமிழ்ல சொல்ல வரமாட்டேங்குது."

கீழே கிடந்த கிளிப்பைக் குனிந்து எடுத்தேன்.

"வெல்டர் பொண்டாட்டின்னு சொல்லிக்கறதுக்கு எனக்கு வெக்கமில்லீங்க. பள்ளிக்கூடத்துல எழுதிக் குடுத்துட்டுத்தான வந்தேன். உங்களுக்குத்தான் வெக்கம். அதுதான் எனக்கு ஆத்திரம்."

"டிரா போச்சே" என்றேன்.

"அது எந்த டிரான்னு எனக்குத் தெரியும். ஷெரின் மேடம் அன்னிக்கு மொதல்ல உங்களுக்கு லைன் கெடைக்கலீன்னு எனக்குத்தான் போன் பண்ணுனாங்க. எட்டு பாயின்ட்டு." கடைசித் துணியை நான்தான் காயப்போட்டேன். அவள் கீழே போய்விட்டாள்.

ஏப்ரல் 1, புதன்

வாணியும் பட்டறைக்கு வந்தாள். முதல் முறை. கண்ணாடி ரூமையும் அந்த நாற்காலியையும் உற்றுப் பார்த்தாள்.

"அண்ணா, இவரு வெல்டருன்னு எனக்குத் தெரியுமுங்க. எங்கப்பாருக்கும் தெரியுமுங்க. நீங்க எழுதிக் குடுங்க."

"உங்கப்பாருக்குமா? அப்பறம் பாக்கற எடத்துலயெல்லாம் மேனேஜர் எப்படி இருக்காருன்னு எங்கிட்டக் கேக்கறாரே."

"நீங்க சங்கடப்படுவீங்கன்னுதானுங்க."

லிங்குசாமி அண்ணன் என்னைப் பார்த்தார். "அப்ப ஆறு வருசமா ஒவ்வொரு கல்யாணத்துலயும் அவரக் கண்டு பந்தியில தூண் மறைவுல உக்காந்து தின்னது வேஸ்டா?"

எனக்குச் சிரிப்பு வரவில்லை. வாணிதான் சிரித்தாள்.

அரை மணி நேரத்தில் கடிதம் தயாராகிவிட்டது. பதிவேட்டில் உதவி மேலாளர் என்று இருந்தாலும், சேர்ந்த நாள் முதல் இவர் செய்துவருவது வெல்டர் வேலை. அதற்குக் கீழே என்னென்ன வேலை, எந்தெந்தக் குழாய், வாரத்துக்கு எத்தனை மணி நேரம். கடைசியில் நான் கேட்காமலேயே ஒரு வரி சேர்த்திருந்தார்: இவருடைய எண் 11.

அரை மணி நேரம். இதற்காக நான் மேசை எந்தப் பால் என்று படித்துக்கொண்டிருந்தேன்.

ஏப்ரல் 9, வியாழன்

பிறந்தநாள். வாணி பாயசம் வைத்தாள்.

மூன்று நாளாக வெப்சைட் கிறுக்குப் பிடித்த மாதிரி ஆடிக்கொண்டிருந்தது. இன்றைக்குத்தான் திறந்தது. ஷெரின் மேடம் ஒவ்வொரு கட்டமாக நிரப்பினார். வேலை என்கிற இடத்தில் வெல்டர் என்று போட்டார். எந்தத் தேதியிலிருந்து என்று கேட்டார். பட்டறையில் சேர்ந்த தேதியைச் சொன்னேன். முடித்ததும் கம்ப்யூட்டர் தானாகக் கூட்டிக் காட்டியது. நேற்றுவரை இருந்ததில் ஐந்து குறைந்திருந்தது.

"அடுத்த டிரா இந்த வருசமே வரலாம் சார். வராமலும் போகலாம். மே மாசம் இங்கிலீஷ் பரீட்சைய மறுபடி எழுதிருங்க" என்றார்.

போன மாதம் இதே கட்டத்தில் இதே சொல்லைப் போட்டிருந்தால் இன்றைக்கு அழைப்பு கையில் இருக்கும். யாரைத் திட்டலாம் என்று பஸ்ஸில் வரும்போது யோசித்துக்கொண்டே வந்தேன். காந்திபுரத்திலிருந்து கணபதி ஸ்டாப் வரைக்கும் ஓர் ஆள்கூட அகப்படவில்லை.

ஏப்ரல் 10, வெள்ளி

காலையில் இஸ்திரிச் சட்டையைத் தேடினேன். பீரோவில் இல்லை, கொடியில் இல்லை. ஆணியில் காக்கிச் சட்டை தொங்கிக்கொண்டிருந்தது. எப்போது பட்டறையிலிருந்து எடுத்துவரச் சொன்னாள், யாரிடம் சொன்னாள் என்று தெரியவில்லை. துவைத்து, கைப்பக்கம் இருந்த பொறி ஓட்டைகளை எல்லாம் தைத்து வைத்திருந்தாள்.

அதையே போட்டுக்கொண்டு கிளம்பினேன். வாசலில் செருப்பு மாட்டும்போது தெருவை இரண்டு பக்கமும் எட்டிப் பார்த்தேன். பால்காரர், இஸ்திரி வண்டிக்காரர், எதிர் வீட்டு வாத்தியார், பஸ் ஸ்டாப்பில் வழக்கமாக நிற்கிற நான்கு பேர் எல்லாரையும் தாண்டி நடந்தேன்.

ஒருவர்கூடத் திரும்பிப் பார்க்கவில்லை.